கூலி ஏறினால் செலவு ஏறுமா?



நடவு நேரத்தில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரே பேச்சுதான்: "கூலி ஏறிப்போச்சுங்க, இனிமே விவசாயம் கட்டாது." இதில் பாதி உண்மை. மறுபாதியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏக்கருக்கு 30 ஆள், ஆளுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி 9,000 ரூபாய். மகசூல் 15 குவிண்டால். (மூட்டை எடை ஊருக்கு ஊர் மாறும், அதனால்தான் குவிண்டாலில் சொல்கிறேன்.) ஒரு குவிண்டாலுக்கு விழுகிற கூலி 600 ரூபாய். பக்கத்து வயல்காரர் ஆளுக்கு 400 ரூபாய் கொடுக்கிறார். ஆனால் வேலையைச் சீர்படுத்தி 22 ஆளோடு முடித்து, 20 குவிண்டால் எடுக்கிறார். அவருக்குக் கூலி 8,800, குவிண்டாலுக்கு 440தான். கூடக் கொடுத்தவருக்குத்தான் செலவு குறைவு! பொருளாதாரம் படித்தவர்கள் இதை அலகுக் கூலிச் செலவு என்பார்கள். நமக்கு 'குவிண்டால் கூலி' என்றால் போதும்.

நாட்டுக் கணக்கும் இதே மாதிரிதான். 1950-51-ல் ஹெக்டேருக்கு சராசரி 668 கிலோ அரிசி. 2022-23-ல் 2,800 கிலோவுக்கு மேல். நிலம் நாலு மடங்கு கொடுத்துவிட்டது. ஆள் கணக்கு அந்த அளவுக்கு ஏறவில்லை. 2023-24 கணக்கெடுப்பில் வேலை செய்வோரில் 100-க்கு 46 பேர் விவசாயத்தில். நாட்டின் உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கோ 100-க்கு சுமார் 18தான். நம்ம ஜனங்கள் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2015-16 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளர் கையிலிருந்த சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், ரெண்டு ஏக்கர்கூட இல்லை. அதில் வருஷம் பூராவும் எங்கே வேலை இருக்கும்?

சரி, ஆளை எப்படிக் குறைப்பது? திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடுகிறோம். கோனோவீடரை ரெண்டு பக்கமும் உருட்டலாம். குனிந்து கைக்களை எடுக்கிற ஆள் குறையும். களையும் சேற்றில் அமுங்கி உரமாகும். ஒன்று சொல்லிவிடுகிறேன், முதல் பருவம் நடுகிறவர்களுக்குக் கை பழகாது, அப்போது ஆள் கூடத்தான் பிடிக்கும்.

அறுவடை மிஷின் வைத்தால் அதன் வாடகையையும் இந்தக் கணக்கில் சேருங்கள். ஈர வயலில் செயின் வண்டிதான் இறங்கும், அதற்கு வாடகை அதிகம். அதை மறந்துவிட்டு கூலி குறைந்தது என்று சந்தோஷப்பட்டால் கையில் காசு மிஞ்சாது.

மிச்சமானதில் வேலைக்கு வருகிறவர்களுக்கும் பங்கு போகணும். கருவி உருட்டுகிறவருக்கு நாலு காசு கூடக் கொடுத்தால், அடுத்த பருவம் கூப்பிட்ட நாளில் வருவார். களை எடுப்பது பத்து நாள் தள்ளிப்போனால் மகசூலில் ஏற்படும் நஷ்டம் அந்த நாலு காசைவிட ரொம்பப் பெரிசு.

வீட்டு ஆட்களின் உழைப்பையும் எழுதுங்கள். 2025-26-க்கு சாதாரண நெல்லுக்கு 2,369 ரூபாய் ஆதரவு விலை வைத்தபோது, குவிண்டால் செலவு 1,579 ரூபாய் என்று போட்டார்கள். அதில் குடும்பத்தார் உழைப்புக்கும் மதிப்புப் போட்டிருக்கிறது. சர்க்காரே போடுகிறபோது உங்க வீட்டம்மா வயலில் நின்ற நாளை நீங்கள் ஏன் விடணும்?

நோட்டில் நாலு பத்தி போதும்: ஆள், கூலி, வாடகை, மகசூல். மூன்று பருவமாவது எழுதுங்கள். மழையில் பயிர் சாய்ந்த பருவத்தில் கூலி ஏறாமலே குவிண்டால் கூலி ஏறிவிடும். அந்த ஒரு பருவத்தை வைத்து ஆட்களிடம் கூலி பேச உட்காராதீர்கள்.