ஒரு மில்லிமீட்டர் ஈறுக்கு என்ன விலை?

மேல் கோரைப்பல்லில் ஈறு 4 மில்லிமீட்டர் ஏறிப்போய் வேர் தெரிகிறது. பச்சைத் தண்ணீர் பட்டாலே கூசுகிறது. அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்ட வேண்டும், 12,000 ரூபாய் ஆகும் என்கிறார் மருத்துவர். தமிழ்நாட்டுத் தனியார் பல் மருத்துவமனைகளில் இதற்கு ஒரு பல்லுக்கு 5,000 ரூபாயில் தொடங்கி 20,000 தாண்டியும் கேட்கிறார்கள் என்பதால், இந்த 12,000ஐ நடுத்தரமான ஒரு தொகையாக வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கான கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்தக் கூலியில் 12,000 என்பது ஏறக்குறைய 36 நாள் உழைப்பு. ஒரே ஒரு பல்லுக்கு! இவ்வளவு பணத்தை எண்ணி வைப்பவருக்கு, எத்தனை மில்லிமீட்டர் திரும்பக் கிடைக்கும் என்று கேட்கும் உரிமை உண்டு. கேட்கத்தான் வேண்டும்.

அளப்பதற்கு மருத்துவர் கையில் எடுப்பது நுனி மழுங்கிய மெல்லிய எஃகுக் கம்பி. வில்லியம்ஸ் புரோப் என்று பெயர். அதில் 1, 2, 3, 5, 7, 8, 9, 10 ஆகிய மில்லிமீட்டர்களில் கோடுகள் இருக்கும். 4இலும் 6இலும் கோடு இல்லை. வாய்க்குள் எச்சிலும் நிழலும் கோடுகளைக் குழப்பிவிடும் என்பதால், கண் தடுமாறாமல் படிக்க வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். பல்லின் எனாமல் முடிகிற விளிம்பிலிருந்து ஈறின் ஓரம் வரை ஓர் அளவு. அங்கிருந்து ஈறுக்குள் கம்பி இறங்கும் ஆழம் இன்னோர் அளவு. மூன்றாவது அளவைத்தான் நோயாளிகள் யாரும் கேட்பதில்லை, சிகிச்சையின் பலனோ அதை வைத்துத்தான் முடிவாகிறது: இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள எலும்பும் பிடிப்பும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன?

1985இல் ஈறு மருத்துவர் மில்லர் இதையும் கணக்கில் எடுத்துத்தான், ஈறு விலகி வேர் தெரிவதை, அதாவது ஈறு இறக்கத்தை, நான்கு வகுப்பாகப் பிரித்தார். முதல் இரண்டு வகுப்புகளில் வேர் முழுவதும் மூடும் என்று எதிர்பார்க்கலாம். மூன்றாவதில் ஓரளவு மூடும். நான்காவதில் மூடும் என்று நம்ப முடியாது. 2011இல் கைரோ குழுவினர் அதை மூன்று வகையாகச் சுருக்கினார்கள். 2018இல் வெளியான உலகளாவிய ஈறு நோய் வகைப்பாட்டில் அந்த முறையே ஏற்கப்பட்டது. முதல் வகையில் பல்லிடைப் பிடிப்பு இழப்பே இல்லை. இரண்டாவதில் இழப்பு உண்டு, ஆனால் முன்பக்க இழப்பை மிஞ்சவில்லை. மூன்றாவதில் மிஞ்சிவிட்டது.

இப்போது 12,000 ரூபாயை வகுத்துப் பாருங்கள். முதல் வகை, 4 மில்லிமீட்டரும் மூடிவிட்டது என்றால் மில்லிமீட்டருக்கு 3,000. இரண்டாம் வகையில் 2 மில்லிமீட்டர்தான் மூடியது என்றால் 6,000. மூன்றாம் வகையில் 1 மில்லிமீட்டர் கிடைத்தால் 12,000, அதுகூட உறுதியில்லை. ரசீதில் மூன்றும் ஒரே தொகை. அதனால் செலவு எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன், என் பல் எந்த வகை என்று கேளுங்கள். அதைச் சொல்லத் தயங்குகிற இடத்தில் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள்.

எடுத்து ஒட்டும் சதையின் அளவு எவ்வளவு? கோரைப்பல்லின் கழுத்துப் பகுதி ஏறக்குறைய 5.5 மில்லிமீட்டர் அகலம். இரு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படர வேண்டும் என்று வைத்தால் நீளம் 12. உயரம் 6, தடிமன் 1.5. பெருக்கினால் 108 கன மில்லிமீட்டர். இரண்டு சொட்டுத் தண்ணீர் அளவுதான்! ஆனால் பரப்பைப் பார்த்தால் வேறொன்று புரியும். ஒட்டின் பரப்பு 72 சதுர மில்லிமீட்டர். அதில் வெறும் வேரின் மேல் கிடப்பது அதிகபட்சம் 22. வேருக்கு ரத்த ஓட்டம் கிடையாது. மீதி 50 சதுர மில்லிமீட்டர் சுற்றியுள்ள உயிருள்ள சதையின் மேல் உட்கார்ந்து, அங்கிருந்து உறிஞ்சுவதைக் கொண்டுதான் நடுப்பகுதியையும் பிழைக்க வைக்க வேண்டும். 1985இல் லாங்கரும் லாங்கரும் விவரித்த முறையில், எடுத்த சதையை ஈறின் மடிப்புக்கு அடியில் செருகுகிறார்கள். அடியிலிருந்தும் மேலிருந்தும் ஊட்டம் கிடைப்பதால் அது இன்றைக்கும் நம்பகமான முறையாக நிற்கிறது. மேலே இழுத்து மூடும் அந்த மடிப்பு 0.8 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருந்தால் வேர் முழுதாக மூடும் வாய்ப்பு கூடுகிறது என்று 1999இல் பால்டி குழுவினர் காட்டினார்கள். அரை மில்லிமீட்டருக்கும் கால் மில்லிமீட்டருக்கும் இங்கே மதிப்பு உண்டு. கட்டணத்தில் பெரும்பகுதி, BDSக்குப் பிறகு மூன்றாண்டு ஈறு மருத்துவம் படித்த கையின் அந்த நுணுக்கத்துக்கானது. அதை நான் கூடுதல் என்று சொல்லமாட்டேன்.

அண்ணத்தில் எடுக்கும் இடத்துக்கும் எல்லை உண்டு. ஈறோரத்திலிருந்து 2 மில்லிமீட்டராவது விட்டுத்தான் கத்தி வைப்பார்கள். மேலே போனால் பெரிய ரத்தக்குழாய் ஒன்று ஓடுகிறது. அண்ணம் தட்டையாக உள்ளவர்களுக்கு அது பல்லிலிருந்து சுமார் 7 மில்லிமீட்டரிலேயே வந்துவிடும், உயரமான அண்ணம் என்றால் 17 வரை தள்ளி இருக்கும். மரப்பு ஊசியிலும் ஓர் அளவுக் கணக்கு இருக்கிறது. நம்மூரில் வழக்கமான மருந்தில் அட்ரினலின் 80,000க்கு 1 பங்கு, அதாவது ஒரு மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம். இதய நோயாளிக்கு 40 மைக்ரோகிராம்தான் வரம்பு என்பதால் 3.2 மில்லியோடு நிறுத்த வேண்டும். வேரைச் சுற்றியும் அண்ணத்திலும் என இரண்டு இடத்தை மரக்கச் செய்ய வேண்டிய அறுவை இது. இதய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்கவே கூடாது. மூன்று மாதச் சர்க்கரை அளவையும் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. பீடி, சிகரெட் பிடிப்பவருக்குச் சதை ஒட்டுவது குறைகிறது. அவர் கட்டும் பணத்தில் ஒரு பகுதி அப்படியே புகையாகப் போகிறது.

முதல் 2, 3 நாள் ஒட்டுக்கு ரத்தக்குழாய் இணைப்பே கிடையாது. அடியிலிருந்து கசியும் நீரில்தான் அது உயிர் வைத்திருக்கிறது. அதற்குப் பிறகே நுண்குழாய்கள் உள்ளே புகுந்து இணைகின்றன. ஆகவே அந்த நாள்களில் உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில் பார்ப்பது, குழந்தைகளிடம் காட்டுவது, எல்லாம் கூடாது. எடுத்த இடத்தில் சுடுசோறு பட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். ஆறிய கஞ்சி, குழைத்த தயிர்சாதம், இளநீர் போதும். காரக்குழம்பு இரண்டு வாரம் காத்திருக்கட்டும்.

மருத்துவமனை ரசீதில் வராத செலவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். அறுவை செய்த இடத்தில் 14 நாள் பிரஷ் படக்கூடாது. அதற்குப் பதில் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு, வேளைக்கு 10 மில்லி, தினம் இரண்டு வேளை. மொத்தம் 280 மில்லி. 150 மில்லி பாட்டில் இரண்டு வாங்க வேண்டும், ஒன்று போதாது. ஆலோசனை, எக்ஸ்ரே, பல் சுத்தம், அறுவை, 10 முதல் 14 நாளில் தையல் பிரித்தல், பிறகு ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று பார்த்தால் ஆறேழு முறை போக வேண்டியிருக்கும். தினக்கூலிக்காரர் ஏழு அரைநாள் இழந்தால் அதே 336 ரூபாய்க் கணக்கில் 1,176 ரூபாய். பஸ் கட்டணம் தனி. தானே கரையும் தையல் போட முடியுமா என்று கேட்டால் ஒரு நடை மிச்சமாகலாம். அண்ணத்தில் கை வைக்காமல் இறக்குமதிக் கொலாஜன் படலம் வைக்கலாம் என்றால், வலி குறையும். ஆனால் படலத்தின் விலையே சில நேரம் அறுவைக் கட்டணத்தை எட்டிவிடும்.

கீழ் முன்பற்களின் கணக்கு வேறு. அங்கே பல நேரம் வேரை மூடுவது நோக்கமே அல்ல, உறுதியான ஈறின் அகலத்தைக் கூட்டுவதுதான். 1972இல் லாங், லோ இருவரும் 2 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் ஈறு ஆரோக்கியமாக இருக்கும் என்று எழுதினார்கள். அந்த இடத்தில் ஒட்டும் சதை கால் பங்கு அளவுக்குச் சுருங்குவது வழக்கம் என்பதால், 6 மில்லிமீட்டர் வைத்தால் நாலரைதான் நிற்கும் என்று முன்கூட்டியே பெரிதாக வெட்டுகிறார்கள்.

எல்லா இறக்கத்துக்கும் கத்தி வேண்டியதில்லை. 1 மில்லிமீட்டர் இறங்கி, கூச்சமும் இல்லை, ஆண்டுக்கணக்கில் மாற்றமும் இல்லை என்றால் அளந்து எழுதிவைத்துக் கவனித்தால் போதும். கூச்சம் மட்டும்தான் தொல்லை என்றால் 5 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையை விடாமல் நான்கு வாரம் போட்டுப் பார்க்கலாம். ஆனால் தெரியும் வேரை அலட்சியம் செய்யவும் கூடாது. பல்லின் கழுத்தில் வேரை மூடியிருக்கும் சிமெண்டம் 20 முதல் 50 மைக்ரான் தடிமன்தான். கரகரப்பான பல்பொடியை விரலில் தொட்டு அழுத்தித் தேய்ப்பவர்களுக்கும், முரட்டு பிரஷால் குறுக்கே அறுப்பவர்களுக்கும் அது சீக்கிரம் போய்விடும். அந்தப் பழக்கத்தை மாற்றாமல் ஒட்டு வைத்தால், ஒட்டிய ஈறும் அதே வழியில் போகும். மென்மையான பிரஷ் ஒன்று ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 200.

மருத்துவக் காப்பீட்டை நம்பிப் போகாதீர்கள். விபத்தில் அடிபட்டாலன்றி, வெளிநோயாளியாகச் செய்துகொள்ளும் பல் சிகிச்சையைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும், சிதம்பரத்திலும், 2023 முதல் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. சென்னைக் கல்லூரியில் ஈறு மருத்துவத்துக்கு முதுநிலைப் படிப்பே உண்டு. இப்படிப்பட்ட கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் இந்த அறுவையைச் செய்கிறார்கள். நேரம் கூடுதலாகும், வரிசை இருக்கும். ஆனால் அளவுகள் பல் பல்லாகத் தாளில் ஏறும். தனியாரிடம் போனாலும் அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டு, ஆறாம் மாதம் போகும்போது கையோடு எடுத்துப்போங்கள். மீண்டும் அளந்து பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.