ஏலாக்குறிச்சியில் ஒரு மாணவர்

தொண்டு செய்யும் நோக்குடன் அயல்நாடு செல்லும் இளைஞர் இன்று பலர். 1961இல் அமெரிக்காவில் அமைதிப்படை தோன்றியது. 1970இல் ஐக்கிய நாடுகள் அவை தன்னார்வத் தொண்டர்க்கெனத் தனித்திட்டம் ஒன்றை வகுத்தது. அமைதிப்படையில் சேர்வோர், பணியைத் தொடங்குமுன் ஏறத்தாழ மூன்று மாதம் அந்நாட்டுக் குடும்பம் ஒன்றில் தங்கி, அம்மக்களின் மொழியைப் பயில்வது வழக்கம். கொடுக்கச் சென்றவர் முதலில் மாணவராக அமர்கிறார்.

இம்முறைக்கு இருநூற்றைம்பது ஆண்டுகள் முற்பட்ட சான்று அரியலூர் மண்ணிலேயே உண்டு. ரெட்டிபாளையத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்திலிருந்து தெற்கே சென்றால், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் ஏலாக்குறிச்சி என்னும் ஊர் உள்ளது. வீரமாமுனிவர் வாழ்ந்து பணியாற்றிய ஊர் அது. இவ்வூரைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுக் கலம்பகமும் பாடினார்.

இத்தாலியில் 1680ஆம் ஆண்டு பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, சமயப்பணிக்காக 1710இல் இந்தியா வந்தபோது முப்பது வயதை நெருங்கியிருந்தார். தம் நாட்டில் கற்றுத் தேர்ந்த அவர், இங்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. சுப்பிரதீபக் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களைப் பாடம் கேட்டார். உறுதியுடையவர் எனப் பொருள்படும் தம் பெயரைத் தைரியநாதர் எனத் தமிழ்ச்சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். காவியுடுத்திப் புலால் மறுத்து வாழ்ந்தார் என்பர். உடையை மாற்றுவது எளிது. காதையும் நாவையும் மாற்றுவதற்குத்தான் ஆண்டுகள் பல வேண்டும்.

அக்கால ஓலைச்சுவடியில் அவருக்கு நேர்ந்திருக்கக்கூடிய இடர் ஒன்றை எண்ணிப் பாருங்கள். எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஆயினும் புள்ளி குத்தினால் ஓலை சிதையும் என்பதால் எழுதுவோர் அதனை விட்டுவிடுவர். எனவே ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒரே வடிவில் நிற்கும். தீயா, நீர்நிலையா? இம்மொழியில் பிறந்தவர் இடம் நோக்கி எளிதில் படித்துச் செல்வார். அவருக்கு அது குறையாகவே தோன்றாது. கற்க வந்தவரோ ஒவ்வொரு வரியிலும் தடுமாறுவார். வீரமாமுனிவர் புள்ளியை நம்பாமல் நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். எகரத்தின் கீழே ஒரு கோடு இழுத்து ஏகாரமும், ஒகரத்தின் அடியைச் சுழித்து ஓகாரமும், ஒற்றைக்கொம்பின் மேற்பகுதியைச் சுழித்து இரட்டைக்கொம்பும் அமைத்தார். ‘ஏலாக்குறிச்சி’ என நாம் எழுதும்போது முதலெழுத்தின் காலில் விழும் கோடு அவர் இட்டதே.

அகராதிப் பணியும் இத்தகையதே. சொற்பொருள் அறிய விழைந்தோர் செய்யுளில் அமைந்த நிகண்டுகளை மனப்பாடம் செய்தாக வேண்டியிருந்தது. இளமையிலேயே அவற்றை ஓதியவர்க்கு அது இயல்பு. நடுவில் வந்து சேர்ந்தவர்க்குப் பெருஞ்சுமை. 1732இல் அவர் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகளில் சொற்களை அகரவரிசையில் நிறுத்தியது. அதற்கு முன்பே 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை அவர் பாடி முடித்திருந்தார். காப்பியப் புலவர் ஆனபின்னும் தொடக்கநிலை மாணவரின் தேவையை அவர் மறக்கவில்லை. இதனையே அவர்தம் வளர்ச்சியின் சிறந்த அடையாளமாகக் கொள்ளலாம்.

அவரை எல்லாச் சமயத்தாரையும் அரவணைத்தவராகக் காட்டுவது பொருந்தாது. தரங்கம்பாடியிலிருந்த சீர்திருத்தச் சபையாரை எதிர்த்து நூல்கள் எழுதிக் கடுமையாக வாதிட்டவர் அவர். ஆயினும், ஏட்டுத்தமிழ் வேறு, தெருவில் வழங்கும் தமிழ் வேறு என உணர்ந்து, புதிதாக வருவோர்க்காகப் பேச்சுவழக்கிற்கென இலத்தீன் மொழியில் கொடுந்தமிழ் இலக்கணம் ஒன்றையும் எழுதினார். 1738இல் அந்நூலை அச்சிட்டு வெளியிட்டது, அவர் எதிர்த்து வாதிட்ட அதே தரங்கம்பாடியாரின் அச்சகம்.