சோம்பேறிக் கண்ணுக்கு லேசர் எவ்வளவு உதவும்?

நான் டாக்டர் இல்லை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் இருட்டறையில் உட்காரவைத்து, “இது நல்லாத் தெரியுதா, இதுவா?” என்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போடுகிற ஆப்டோமெட்ரிஸ்ட். மதுரையில் லேசருக்கு வருகிறவர்களை முதலில் சோதிப்பது என் வேலை. பாதிப் பேருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். கண்ணாடி இல்லாமல் மேடையில் நிற்கவேண்டும் என்பார்கள். அவ்வப்போது ஒருவர், நல்ல கண்ணை நான் மறைத்ததும் திகைத்துப்போவார்.

சமீபத்தில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு பையன் வந்தார். வலது கண்ணில் மைனஸ் 1, இடது கண்ணில் மைனஸ் 7. வலது கண் கண்ணாடியோடு 6/6 வரிசையைக் கடகடவென்று படித்துவிட்டது. இடது கண்ணுக்கு முழுப் பவரையும் போட்டபிறகும் 6/18 வரிசையோடு நின்றது. மற்றவர்கள் 18 மீட்டரில் படிப்பதை அந்தக் கண் 6 மீட்டரில்தான் படிக்கிறது என்று பொருள். ஊசித்துளை வைத்த அட்டையைக் கண்முன் பிடித்தேன். பவர் பாக்கி இருந்தால் துளை வழியாகப் பார்க்கும்போது எழுத்து தெளியும். தெளியவில்லை. பிறகு, அடுத்த வரிசையில் ஓர் எழுத்தை மட்டும் விட்டு மற்றதை மறைத்தேன். படித்துவிட்டார். மறைப்பை எடுத்து முழு வரிசையையும் காட்டினேன். மறுபடி தடுமாற்றம். கூட்டத்தில் எழுத்தைப் பிரித்தறிய முடியாத இந்தத் தடுமாற்றம் சோம்பேறிக் கண்ணின் முக்கியமான அடையாளம்.

“லேசர் பண்ணிட்டா இந்தக் கண்ணும் அந்தக் கண்ணு மாதிரி ஆயிடும்ல மேடம்?”

ஆகாது. குழந்தைப் பருவத்தில் ஒரு கண்ணிலிருந்து மங்கலான படமே போய்க்கொண்டிருந்தால், மூளை அதை ஒதுக்கிவிட்டு மற்றக் கண்ணை வைத்தே காரியத்தை முடித்துக்கொள்ளும். அப்படி ஒதுக்கப்பட்டதுதான் சோம்பேறிக் கண். பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடிவைத்து, அந்தக் கண்ணுக்குரிய மூளைத் தொடர்புகள் குறைந்துபோவதைக் காட்டியவர்கள் ஹ்யூபல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள். பார்வையை மூளை கையாளும் விதத்தை ஆராய்ந்ததற்காக அவர்களுக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1981-இன் நவம்பரில், அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் ரங்கசாமி சீனிவாசன் என்ற விஞ்ஞானி, விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பைக் கொண்டுவந்து எக்சைமர் லேசரை அதன்மேல் பாய்ச்சினார். சுற்றிலும் தீயாமல் வெட்டு விழுந்தது. இன்றைய லேசர் கண் சிகிச்சைக்கு அதுதான் விதை. சீனிவாசன் படித்தது சென்னைப் பல்கலைக்கழகத்தில்.

அந்த லேசர் தொடுவது கருவிழியை மட்டும்தான். அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் அந்தப் படலத்தில், மைனஸ் 7-க்கு ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டரைச் செதுக்கும். மூளை கற்காமல் விட்டதை அது கற்றுக்கொடுக்காது. கண்ணாடியோடு 6/18 படித்த கண், லேசருக்குப் பிறகு கண்ணாடி இல்லாமல் 6/18 படிக்கும். அதுதான் நியாயமான எதிர்பார்ப்பு.

சிலருக்கு ஒன்றிரண்டு வரிசை கூடுவதும் உண்டு. குறிப்பாக, இவரைப்போல இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் பெரிதாக இருப்பவர்களுக்கு. மைனஸ் 7 கண்ணாடி காட்சியைச் சிறிதாக்கிவிடும். திருத்தம் கருவிழியிலேயே நடந்தால் அந்தச் சுருக்கம் பெரும்பாலும் போய்விடும். இதை முன்கூட்டியே சோதிக்க எளிய வழி, கான்டாக்ட் லென்ஸ். அந்தப் பையனுக்குப் போட்டுப் பார்த்தேன். 6/12 வரிசையில் பாதி எழுத்துகளைப் படித்தார். லேசர் தரப்போவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

என் கவலையெல்லாம் வலது கண்ணைப் பற்றியது. லேசரில் பெரிய சிக்கல் வருவது அபூர்வம். ஆனால் கிருமித் தொற்றோ, கருவிழி பலவீனமாகிப் பிதுங்குவதோ நல்ல கண்ணில் வந்துவிட்டால், சார்ந்திருக்க அடுத்த கண் இல்லை. அதனால் பல டாக்டர்கள் நல்ல கண்ணைத் தொடத் தயங்குவார்கள், சிலர் மறுத்தேவிடுவார்கள். இவருக்கு டாக்டர் சொன்னதும் அதுதான்: இடது கண்ணுக்கு மட்டும் லேசர், வலது கண்ணின் மைனஸ் 1-க்கு மெல்லிய கண்ணாடி. பையனுக்கு ஏமாற்றம்தான். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது.

மாறுகண் இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். லேசர் பொதுவாகக் கண்ணை நேராக்காது. பிளஸ் பவரால் உள்நோக்கித் திரும்பும் கண்கள் ஓரளவு விதிவிலக்கு. சிலருக்கு, இரண்டு கண்ணின் காட்சியும் ஒன்றுசேரக் கண்ணாடியிலேயே பிரிசம் வைத்திருப்போம். அதைக் கழற்றிவிட்டு லேசர் செய்தால் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிய வாய்ப்புண்டு. மாறுகண் அதிர்ஷ்டம் என்று பிள்ளைகளை அப்படியே விட்டுவிடுகிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. மாறுகண்ணாலும் கண் சோம்பேறியாகலாம்; நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைத்துப் பலவீனமான கண்ணுக்கு வேலை கொடுக்கும் சிகிச்சை நன்றாகப் பலிப்பது குழந்தைப் பருவத்தில்தான்.

வெளியே உட்கார்ந்திருந்த பையனின் அம்மா, “ஒரு கண்ணு நல்லாத் தெரிஞ்சதால எங்களுக்கு ஒண்ணுமே தெரியலயேம்மா” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு கண்ணையும் திறந்துவைத்துப் பார்க்கும் பிள்ளை எதிலும் முட்டிக்கொள்வதில்லை.

லேசருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக எந்த வரிசை வரை படிக்கிறது என்று எழுதி வாங்குங்கள். பலவீனமான கண் 6/12-ஐ எட்டவில்லை என்றால், “நல்ல கண்ணைத் தொடத்தான் வேண்டுமா?” என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். பதிலில் திருப்தி இல்லையென்றால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள்.