பருத்த கால் எல்லாம் யானைக்கால் அல்ல

தோட்டங்களில் கால் பருத்த பெண்ணைக் கண்டால் "யானைக்கால்காரி" என்று பட்டம் சூட்டிவிடும் பழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. பட்டம் வாங்கியவர் உடுப்பைத் தாழ்த்திக் கட்டிக்கொள்கிறார். கால் வலித்தாலும் டிஸ்பென்சரிப் பக்கம் போவதில்லை. இப்படி மூடி மறைத்து வைக்கும் காலுக்குள்தான் இன்னொரு கோளாறு சத்தமில்லாமல் வளர்ந்து, ஒரு நாள் ஆறாத புண்ணாக வெளியே வருகிறது. எனவே தாய்மாரும் குமரிப் பிள்ளைகளும் இதை ஆறுதலாக வாசிக்க வேண்டும். கணவன்மாரும் வாசித்தால் நல்லதே.

முதலில் யானைக்காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது நுளம்பு கடிப்பதால் உடம்புக்குள் போகும் ஒரு நுண்ணிய புழுவினால் வருவது. இலங்கையில் மேல், தென், வடமேல் மாகாணங்களில்தான் அது அதிகம் இருந்தது. நம்முடைய குளிர் மலைகள் அதற்குப் பேர்போன இடமல்ல. அதை ஒழிக்க 1947ஆம் ஆண்டிலேயே அரசாங்கம் தனி இயக்கம் தொடங்கியது. 2002 முதல் 2006 வரை அந்த மாகாண மக்களுக்கு வருஷாவருஷம் குளிசை கொடுத்தார்கள். 2016இல், இலங்கையில் யானைக்கால் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது. அப்படியிருக்க, லயத்துக்கு ஒருவருக்கு யானைக்கால் என்று நாம் பேசிக்கொள்வது என்ன நியாயம்?

அப்படியானால் அந்தக் கால் ஏன் பருத்திருக்கிறது? காரணம் பல இருக்கலாம். அதில் அதிகம் பேர் கேள்விப்படாத ஒன்றுக்கு லிப்பிடீமா என்று பெயர். தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலிலும் ஒரே மாதிரிப் படிந்துவிடுகிறது. 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மாயோ கிளினிக் டாக்டர்கள் இருவர் இதற்கு இந்தப் பெயரை வைத்து எழுதினார்கள். ஏறக்குறைய எல்லாமே பெண்களுக்குத்தான் வருகிறது. பெரிய மனுசியாகும் வயதில், பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது, தீட்டு நிற்கும் வயதில் என்று உடம்பு மாறும் காலங்களில் தலைகாட்டும். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வருவதுண்டு.

அடையாளம் காண்பது அவ்வளவு கஷ்டமில்லை. கால் கணுக்கால் வரை பருத்து, அங்கே வளையல் போட்ட மாதிரி நின்றுவிடும். பாதம் மட்டும் மெலிந்தே இருக்கும். அமத்தினால் நோகும். லேசாக இடிபட்டாலும் கன்றிப்போய் நீலம் பாயும். மேலுடம்பு ஒல்லியாகவே இருக்கலாம். சோற்றைக் குறைத்தாலும் இந்தக் கால் அவ்வளவாகக் குறையாது. ஆகவே "நல்லாத் தின்னு தின்னு கால் வீங்கிருச்சு" என்று மாமியார் சொல்வதில் உண்மை இல்லை. நீர் போகும் குளிசையை வாங்கி விழுங்குவதாலும் பயனில்லை, ஏனென்றால் உள்ளே இருப்பது நீரல்ல.

இனி நரம்புச் சுருட்டுக்கு வருவோம். நாம் நரம்பு என்று சொன்னாலும் அது உண்மையில் இரத்தக் குழாய். காலுக்கு இறங்கிய இரத்தம் திரும்ப நெஞ்சுக்கு ஏற வேண்டும். பள்ளத்து மலையிலிருந்து கொழுந்தை மேலே ரோட்டுக்குச் சுமப்பது போன்ற வேலை அது. நடக்கும்போது கெண்டைக்கால் சதை அமுக்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய இரத்தம் கீழே விழாதபடி குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. மருந்தடிக்கும் பம்பில் வாசர் தேய்ந்தால் என்ன ஆகும் என்று நம் ஆண்களுக்குத் தெரியும். அதே மாதிரி இந்தக் கதவு பழுதானால் இரத்தம் கீழேயே தேங்கிக் குழாய் புடைத்துச் சுருளுகிறது. பரம்பரை, பல பிரசவம், நாள் முழுக்க நின்று செய்யும் வேலை இவையெல்லாம் அதற்குக் காரணமாகின்றன. கொழுந்து எடுக்கும் நம் பெண்களுக்கு இதில் எது குறைவு?

லிப்பிடீமாதான் சுருட்டை உண்டாக்குகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டும் ஒரே காலில் சேர்ந்து வருவதுண்டு. அப்படி வரும்போது ஒரு வஞ்சகம் நடக்கிறது. மெலிந்த காலில் சுருட்டு கயிறு போல வெளியே தெரியும். பருத்த காலில் அது கொழுப்புக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். கால் பாரமாக இருக்கிறது என்றால் "உன் கால் எப்பவும் அப்படித்தானே" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள், அவரும் அப்படியே நினைத்துக்கொள்வார்.

எங்கள் தோட்டத்திலிருந்து திருகோணமலைப் பக்கம் ஈச்சிலம்பற்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண்ணுக்கு இதுதான் நடந்தது. இங்கே கொழுந்து எடுத்தவர், அங்கே போய் வயலில் களை பிடுங்கி நாற்று நட்டார். கால் பருமனைக் கண்டு ஊரார் யானைக்கால் என்றார்கள். பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும் என்று பயந்து தனிப் பாய் போட்டுப் படுத்தாராம். (யானைக்கால் தொட்டால் தொற்றுவதில்லை.) அந்தப் புழு இராவில்தான் இரத்தத்தில் நடமாடும் என்பதால் இராவில் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், புழு இல்லை. அதோடு விட்டுவிட்டார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, வயலில் ஏதோ கீறிய இடம் புண்ணாகி மாதக்கணக்கில் ஆறவில்லை. பிறகுதான் ஸ்கேன் எடுத்து உள்ளே சுருட்டு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இறுக்கமான பண்டேஜ் சுற்றிச் சுற்றித்தான் புண் ஆறியது. தாய் வீட்டுக்கு வந்திருந்தபோது, "மிஸ், முன்னாடியே ஒருத்தராவது சொல்லியிருந்தா நான் காலை மறைச்சிருக்க மாட்டேனே" என்றார்.

ஆகவே பருத்த கால் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது மாற்றத்தைத்தான். எப்போதும் மெலிந்திருந்த பாதமும் பின்னேரமானால் வீங்குகிறதா? விரலால் அமத்தினால் குழி விழுகிறதா? கணுக்காலுக்கு மேலே தோல் கறுக்கிறதா, அரிக்கிறதா? இராவில் கெண்டை பிடித்து இழுக்கிறதா? இவற்றில் எது இருந்தாலும் தோட்ட வைத்திய உதவியாளரிடம் காட்டி, அரசாங்க ஆஸ்பத்திரியின் சத்திர சிகிச்சை கிளினிக்குக்குத் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். இருதயம், சிறுநீரகக் கோளாறாலும் கால் வீங்கலாம், அதையும் அங்கே பார்ப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் வீக்கத்தோடு தலைவலி, கண் மங்கல் இருந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். அந்தக் காலைத் தேய்த்து உருவாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் அரை மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. சுருட்டு வெடித்து இரத்தம் பீறிட்டால் ஆளைப் படுக்கவைத்து, காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, சுத்தமான துணியால் அமத்திப் பிடியுங்கள். கயிறு போட்டுக் கட்ட வேண்டாம். புண்ணில் தேயிலைத் தூளோ சாம்பலோ வைக்க வேண்டாம்.

மலையில் செய்யக்கூடியது சில உண்டு. கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது சும்மா நிற்காமல் குதிக்காலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் காலை ஒரு கட்டை மேலே நீட்டி வையுங்கள். அட்டை ஏறாமலிருக்கச் சிலர் முழங்காலுக்குக் கீழே கயிற்றை இறுக்கிக் கட்டுகிறார்கள். அது மேலே ஏற வேண்டிய இரத்தத்தைத் தடுக்கும், விட்டுவிட வேண்டும். அட்டை கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், சொறியக் கூடாது. இராவில் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தலாம்.

இறுக்கமான காலுறையை டாக்டர் எழுதித் தந்தால் மட்டுமே போடுங்கள். காலுக்கு இறங்கும் இரத்த ஓட்டம் குறைவாக உள்ளவர்களுக்கு, முக்கியமாகச் சீனி வியாதிக்காரருக்கு, அது கெடுதல் செய்யும். சுருட்டுக்குச் சத்திர சிகிச்சை என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் கால் மெலியும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். பாரமும் புண்ணும்தான் குறையும், கொழுப்பு அப்படியே இருக்கும். கிளினிக்குக்குப் போகும்போது கால் எந்த வயதில் பருக்கத் தொடங்கியது, அம்மாவின் காலும் அப்படியா என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். டாக்டர் இலேசான வேலை எழுதித் தந்தால் அந்தத் துண்டைக் கங்காணியிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், துரையிடம் நாங்கள் பேசுகிறோம்.