ஊருக்குப் போகும்போது தண்ணீரைப் பூட்டலாம்! 'ஸ்மார்ட் வால்வு' வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பெங்களூரில் பல தெருக்களில் தண்ணீர் வரும் நேரத்தைக் கடிகாரம் சொல்வது இல்லை. 'வால்வு மேன்'தான் சொல்கிறார்.

கையில் நீளமான இரும்புச் சாவியுடன் அவர் வருவார். தெரு ஓரத்தில் உள்ள மூடியைத் திறப்பார். சாவியை உள்ளே விட்டுச் சுற்றோ சுற்று என்று சுற்றுவார். சற்று நேரத்தில் வீட்டுத் தொட்டிகளில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அவர் ஒருநாள் வராவிட்டால் குடங்கள் எல்லாம் காலி!

அந்தச் சாவியின் குட்டித் தம்பி ஒன்று இப்போது வீட்டுக்குள் வந்து இருக்கிறது. அதன் பெயர் 'ஸ்மார்ட் வால்வு'. செல்போனில் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர் நிற்கும். இன்னொரு தட்டுத் தட்டினால் ஓடும். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு அல்சூர் வீட்டுக் குழாயை மூடலாம்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா வால்வும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. தெரியாமல் வாங்கினால் பணமும் போகும், தண்ணீரும் போகும்.

100 கிலோ மீட்டர் பயணம்

பெங்களூர் நகரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. சுமார் 100 கிலோ மீட்டர் தொலைவில் இருந்து காவிரித் தண்ணீரை வழியில் மூன்று இடங்களில் பம்பு செய்து, மேட்டில் ஏற்றிக் கொண்டு வருகிறார்கள். இந்தத் திட்டத்தின் முதல் கட்டம் 1974-ம் ஆண்டு முடிந்தது. ஐந்தாவது கட்டம் 2024-ம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் அளவு நாள் ஒன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர்.

அதே 2024-ம் ஆண்டின் கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி நகரமே தவித்ததை யாரும் மறந்து இருக்க முடியாது. அந்த மார்ச் மாதத்தில் குடிநீரைக் கொண்டு கார் கழுவவும், தோட்டத்துக்குப் பாய்ச்சவும் குடிநீர் வாரியம் தடை போட்டது. மீறினால் ரூ.5 ஆயிரம் அபராதம்.

இப்படி வந்து சேரும் தண்ணீர் வீணாவது எங்கே? ஆள் இல்லாத வீட்டிலும்தான்.

பத்து நாள் பூட்டிய வீடு

பொங்கலுக்கோ, குலதெய்வக் கோவில் திருவிழாவுக்கோ குடும்பத்தோடு ஊருக்குப் போகிறார்கள். கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறார்கள். கியாசை மூடியாகிவிட்டதா என்று பாதி வழியில் சந்தேகம் வருகிறது. குழாயைப் பற்றி மட்டும் யாரும் நினைப்பது இல்லை.

போன நேரத்தில் தண்ணீர் நின்று இருக்கும். எந்தக் குழாய் திறந்து கிடக்கிறது என்பது தெரியாது. மறுநாள் மேல் தொட்டி நிறைந்ததும் அது கொட்டத் தொடங்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் ஆயிரம் லிட்டர் தொட்டி 100 நிமிடத்தில் காலி. கழிப்பறைத் தொட்டியின் வாஷர் தேய்ந்து இருந்தாலும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக. வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86 ஆயிரத்து 400 சொட்டு. ஒரு மில்லிக்கு 15 சொட்டு என்று கணக்குப் போட்டாலும் 5 லிட்டருக்கு மேல்!

ஒரே தொட்டியை நான்கு குடித்தனங்கள் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இதனால் வரும் சண்டை சாதாரணமாக இருக்காது. லாரித் தண்ணீருக்குக் கொடுத்த பணத்தை எல்லோரும் பங்கு போட வேண்டும். கீழ் வீட்டுச் சுவரில் ஈரம் இறங்கினால் முன்பணத்தில் கை வைக்கப்படும்.

இரண்டு வகை

கடையில் கிடைக்கும் தானியங்கி வால்வுகள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று காந்தத்தால் வேலை செய்யும் 'சாலினாய்டு' வால்வு. இன்னொன்று சிறிய மோட்டார் வைத்த 'பால் வால்வு'. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டாலே பாதி ஏமாற்றம் தவிர்ந்துவிடும்.

சாலினாய்டு புதிய பொருள் அல்ல. துணி துவைக்கும் எந்திரத்துக்குள் தண்ணீரை விடுவதும் நிறுத்துவதும் அதுதான். அதன் உள்ளே ஒரு ரப்பர் தகடு இருக்கிறது. அதில் ஊசித்துளை போல ஒரு வழி. தண்ணீர் அதன் வழியாக மேலே போய்த் தகட்டை அழுத்தி மூடிக்கொள்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் ஒரு சின்ன முளையைத் தூக்கும். மேலே நின்ற தண்ணீர் வெளியேறும். கீழே உள்ள தண்ணீர் தகட்டைத் தள்ளிக்கொண்டு ஓடும்.

ஆக, காந்தம் சைகை மட்டும்தான் காட்டுகிறது. திறப்பதும் மூடுவதும் தண்ணீரின் அழுத்தம்!

சிக்கல் இங்கேதான் வருகிறது. வெளிநாட்டு நகரங்களில் தெருக்குழாயில் இருந்து நல்ல அழுத்தத்துடன் தண்ணீர் நேராக வீட்டுக்குள் வருகிறது. நம் வீடுகளில் தரைத்தொட்டியில் விழுந்து, மோட்டார் மூலம் மொட்டை மாடிக்கு ஏறி, அங்கிருந்து இறங்குகிறது. 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு சதுர சென்டி மீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். 3 மீட்டர் என்றால் 300 கிராம். தொட்டியின் அடியிலேயே வால்வைப் பொருத்தினால் தொட்டியில் நிற்கும் தண்ணீரின் உயரம் மட்டுமே கணக்கு. அரைத்தொட்டித் தண்ணீரில் 50 கிராம் கூடத் தேறுவது சந்தேகம். இந்த அழுத்தத்தில் அந்த ரப்பர் தகடு சரியாகத் திறக்காது, அல்லது முழுவதும் மூடாது. மாடி வீடுகளில் துணி துவைக்கும் எந்திரம் தண்ணீர் பிடிக்க நெடுநேரம் எடுத்துக்கொள்வதற்கும் இதுவே பல நேரம் காரணம்.

மோட்டார் வைத்த பால் வால்வுக்கு இந்தக் கவலை இல்லை. துளையிட்ட ஒரு உருண்டையை மோட்டார் கால் சுற்றுத் திருப்புகிறது. அழுத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மூடுவதற்குச் சில வினாடிகள் ஆகும். அதுவும் நல்லதே. தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் குழாய் 'தடக்' என்று அதிரும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும். சாதாரண மோட்டார் வால்வு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் நின்றுவிடும். திறந்து இருந்தால் திறந்தபடியே! வீட்டு இன்டர்நெட் இணைப்பு அறுந்தாலும் ஊரில் இருந்து தட்டும் தட்டு வந்து சேராது. தரையில் ஈரம் பட்டதும் வால்வை மூடச் சொல்லும் கருவிகளும் உண்டு. அதை நம்பி வால்வைத் திறந்துவிட்டுப் போகக்கூடாது.

வாடகை வீட்டில்

வாடகை வீட்டில் குழாயை அறுக்க உரிமையாளர் சம்மதிப்பாரா? அறுக்கத் தேவை இல்லாத வகையும் இருக்கிறது. குழாயில் ஏற்கனவே உள்ள கைப்பிடி வால்வின் மேல் கவ்வி போல மாட்டிவிட்டால், அதன் மோட்டார் கைப்பிடியைத் திருப்பிக் கொடுக்கும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். ஆனால் கால் சுற்றில் மூடும் கைப்பிடியாக இருக்க வேண்டும். சக்கரம் போல் சுற்றும் பழைய 'கேட் வால்வு' என்றால் பயன் இல்லை.

மோட்டாரில் இருந்து மேல் தொட்டிக்கு ஏறும் குழாயில் மட்டும் இதை வைக்கவே கூடாது. வால்வு மூடி இருக்கும்போது பம்பு ஓடினால் சூடேறிக் கெட்டுவிடும். அங்கே தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்சுதான் சரி. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

துளசியும் கறிவேப்பிலையும்

ஊருக்குப் போகும்போது வாடுவது மாடியில் இருக்கும் தொட்டிச் செடிகள். குழாயில் மாட்டும் பேட்டரி 'டைமர்' இதற்குப் போதும். 20 தொட்டிகளுக்கு மணிக்கு 2 லிட்டர் விடும் சொட்டுவாய்களைப் போட்டு, தினமும் 15 நிமிடம் திறக்கச் சொன்னால் மொத்தச் செலவு 10 லிட்டர்தான். இதிலும் மேல் தொட்டித் தண்ணீர் என்றால் பால் வால்வு வைத்த டைமரையே கேட்டு வாங்க வேண்டும். வாங்கும் முன் குழாயின் மரை அளவையும் பார்த்துக்கொள்ளலாம். பல டைமர்கள் முக்கால் அங்குல மரையில் வருகின்றன. நம் வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் அரை அங்குலம்.

தோட்டத்துக்கு மழைநீர், ஆழ்குழாய்த் தண்ணீர் என்று விடும்போது மண்ணும் உப்பும் கூடவே வரும். வால்வுக்கு முன்னால் சல்லடை வடிகட்டி இல்லாவிட்டால் சொட்டுவாய்கள் விரைவில் அடைத்துக்கொள்ளும். உப்புப் படிந்து பால் வால்வும் இறுகும். மாதம் ஒரு முறையாவது அதை மூடித் திறக்க வேண்டும்.

இந்தக் கருவியால் தோட்ட வேலை செய்யும் நம்மவர்களின் பிழைப்பு போய்விடுமோ என்ற பயம் சிலருக்கு உண்டு. வால்வு தண்ணீர்தான் விடும். பூச்சி விழுந்த இலையை அது பார்க்குமா? குழாய் வேலையோடு ஒயர் இணைக்கவும் தெரிந்த ஆளுக்கு இதனால் வேலை கூடத்தான் செய்யும்.

எல்லோருக்கும் தேவையா?

தேவை இல்லை. கைக்கு எட்டும் இடத்தில் நல்ல வால்வு இருந்து, புறப்படும்போது மூட ஞாபகமும் இருந்தால் சில ஆயிரம் ரூபாய் மிச்சம். ஏணி வைத்து ஏற வேண்டிய இடத்தில் வால்வு இருக்கிறவர்கள், வயதானவர்கள், மறதிக்காரர்கள் வாங்கலாம். வாங்கினாலும் பக்கத்திலேயே கையால் திருப்பும் வால்வு ஒன்று இருக்கட்டும்.

ரெயிலுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் இரவே சோதித்துப் பார்ப்பது நல்லது. வால்வை மூடிவிட்டுச் சமையல் அறைக் குழாயைத் திறக்க வேண்டும். குழாயில் தங்கிய தண்ணீர் கொஞ்ச நேரம் வரும். பிறகு நின்றுவிடும். ஐந்து நிமிடம் கழித்தும் நூல் போல ஒழுகிக்கொண்டே இருந்தால் வால்வு சரியாக மூடவில்லை. பிளம்பரைக் கூப்பிட அந்த ஒரு நாள் கையில் இருக்கும்.