மெய்நிகர் சேவையகங்களை ஒரே தளத்தில் இணைப்பது எப்படி? கவனிக்க வேண்டியவை

நாட்டின் பல தரவு மையங்களில் ஒரே சேவையகத்தில் பல மெய்நிகர் கணினிகள் இயங்குகின்றன. இத்தகைய சேவையகங்களை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்க, விஎம்வேரின் 'விசென்டர்' போன்ற தளங்கள் பயன்படுத்தப்படுகின்றன. விஎம்வேர் 2023 நவம்பர் முதல் பிராட்காம் வசம் உள்ளது.

புதிய சேவையகத்தைச் சேர்ப்பது சில நிமிட வேலைதான். அதன் பெயரையோ ஐபி முகவரியையோ உள்ளிட்டு, 'ரூட்' கணக்கின் கடவுச்சொல்லைத் தர வேண்டும். அப்போது, சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழை அடையாளம் காட்டும் நீண்ட குறியீடு ஒன்று திரையில் தோன்றி, ஒப்புதல் கோரும். படிக்காமலேயே 'ஆம்' என அழுத்திவிடும் வழக்கம் இங்குதான் ஆபத்தாகிறது. சேவையகத்தின் சொந்தத் திரையில் உள்ள குறியீட்டுடன் ஒப்பிட்டால்தான், மறுமுனையில் இருப்பது போலி அல்ல என்பது உறுதியாகும்.

ஒப்புதல் கிடைத்ததும், விசென்டர் அச்சேவையகத்தில் 'விபிஎக்ஸ்யூசர்' எனும் தனிக் கணக்கை உருவாக்கி, அதன் வழியே முழு அதிகாரத்துடன் செயல்படும். பின்னர் ரூட் கடவுச்சொல்லை மாற்றினாலும் இணைப்பு அறுபடாது.

சேர்த்த ஒரு நிமிடத்துக்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டால், முதலில் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும். சேவையகம் தான் இயங்குவதைத் தெரிவிக்கும் சமிக்ஞை 902-ஆம் எண் யுடிபி போர்ட் வழியே விசென்டருக்குச் செல்கிறது.

சேர்ப்பதற்கு முன்பே பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவுவது அவசியம். 2023 பிப்ரவரியில் 'இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ்' எனும் பிணைத்தொகை மென்பொருள் உலகெங்கும் முடக்கிய விஎம்வேர் சேவையகங்களில் பெரும்பாலானவை, நீண்டகாலம் புதுப்பிக்கப்படாமல் இணையத்தில் திறந்து கிடந்தவை. விசென்டரின் பதிப்பு, சேர்க்கப்படும் சேவையகத்தின் பதிப்பைவிடப் பழையதாக இருத்தல் கூடாது.