இதயத்தின் முணுமுணுப்பும் கணிப்பொறியின் காதும்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்து செல்பவர்களுக்குத் தறியின் ஓசை கேட்கும். நாடா இங்கும் அங்கும் ஓட, பலகை முன்னும் பின்னும் அசைய, ஒரே சீரான தாளம் வீட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும். அந்தத் தாளத்தில் சிறு பிசகு நேர்ந்தாலும் பழகிய நெசவாளர் சட்டென்று தறியை நிறுத்திவிடுவார். கண் பார்க்கும் முன்பே காது சொல்லிவிடுகிறது.

நம் மார்புக்குள்ளும் இப்படி ஓயாமல் இயங்கும் ஒரு தறி உண்டு. அதன் தாளத்தில் ஏற்படும் பிசகைத்தான் மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துத் தேடுகிறார். இந்தத் தேடலில் இன்று கணிப்பொறியும் அவருக்குத் துணை நிற்கிறது. அது எவ்வாறு என்று பார்ப்போம்.

லப்-டப் எங்கிருந்து வருகிறது?

நமது இதயம் நிமிடத்திற்குச் சுமார் 72 முறை துடிக்கிறது. ஆகவே ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 0.8 வினாடி. இதயத்தின் கீழறைகளான வெண்ட்ரிக்கிள்கள் சுருங்கத் தொடங்கும்போது, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அப்போது எழுவது 'லப்'. இரத்தம் தமனிகளுக்குள் சென்ற பின், அது திரும்பி வராதபடி அரைச்சந்திர வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அப்போது எழுவது 'டப்'. லப்புக்கும் டப்புக்கும் இடைவெளி ஏறக்குறைய 0.3 வினாடி, டப்புக்கும் அடுத்த லப்புக்கும் இடைவெளி 0.5 வினாடி. நலமான இதயத்தில் இவ்விரு இடைவெளிகளும் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்.

சிலருக்கு இந்த இடைவெளியில் 'உஷ்' என்றோ 'கரகர' என்றோ ஓர் ஒலி கேட்கும். இதற்கே இதய முணுமுணுப்பு என்று பெயர். தோட்டத்து ரப்பர்க் குழாயில் நீர் அமைதியாக ஓடுகிறது. அதை விரலால் அழுத்துங்கள். உடனே சீறும் ஓசை கேட்கிறது. குறுகிய வழியில் நீரின் வேகம் கூடுவதால் வரிச்சீர் ஓட்டம் குலைந்து சுழல் ஓட்டமாகிவிடுகிறது. இரத்தத்திற்கும் இதே விதிதான். வால்வு சரியாகத் திறக்காமல் குறுகியிருந்தாலோ, சரியாக மூடாமல் கசிந்தாலோ, இதயத்தின் நடுச்சுவரில் பிறவியிலேயே துளை இருந்தாலோ, இரத்தம் சுழன்று ஒலி எழுப்பும்.

ஆனால் எல்லா முணுமுணுப்பும் நோயல்ல. நலமான குழந்தைகள் பலருக்கும், முக்கியமாகக் காய்ச்சலின்போது, மெல்லிய முணுமுணுப்பு கேட்பதுண்டு. இதனால் தீங்கில்லை. எது தீங்கற்றது, எது நோயின் அறிகுறி என்று பிரித்தறிவதில்தான் சிக்கல் இருக்கிறது.

தொண்டை வலியும் இதயமும்

இது ஏன் நமக்கு முக்கியம்? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் தொண்டைப் புண் வருவதுண்டு. அதைக் கவனியாமல் விட்டால் சிலருக்குச் சில வாரங்களில் மூட்டு வலியுடன் ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். 5 முதல் 15 வயது வரை உள்ளவர்களையே இது மிகுதியாகத் தாக்குகிறது. மூட்டு வலி சில நாட்களில் போய்விடும். இதய வால்வில் ஏற்பட்ட தழும்பு போகாது. காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் வால்வு மேலும் கெடும். ஆனால் நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டுவந்தால் இதைத் தடுக்க முடியும். ஆகவே காலத்தில் கண்டுபிடிப்பதே பாதி மருத்துவம்.

பர்மாவில் 1917-இல் பிறந்து, இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்துடன் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர் டாக்டர் எஸ். பத்மாவதி. இந்தியாவின் முதல் பெண் இதயநோய் மருத்துவராகப் போற்றப்பட்ட இவர், ருமாட்டிக் இதய நோயைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தார். 2020-இல் தமது 103-ஆம் வயதில் காலமானார்.

2013-இல் மத்திய அரசு 'ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கும் திட்டம் இது. இதில் தேடப்படும் குறைகளில் பிறவி இதயக் கோளாறும் ருமாட்டிக் இதய நோயும் உண்டு. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு குறைந்த நேரத்தில் நிறையப் பேரைப் பார்த்தாக வேண்டும். வெளியே மணி அடிக்கும். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒலிக்கும். இந்த இரைச்சலில் ஒரு மெல்லிய 'உஷ்' ஒலியைப் பிடிப்பது எளிதன்று.

ஒலி எண்ணாகிறது

1816-இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அதுவே ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம். ஆனால் காதுக்கு ஓர் எல்லை உண்டு. இதய ஒலிகள் பெரும்பாலும் 20 முதல் சில நூறு ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை. இந்த வரிசையில் நம் காதின் கூர்மை மிகவும் குறைவு.

மின்னணு ஸ்டெதஸ்கோப்பில் ஒலிவாங்கி ஒன்று உண்டு. ஒலி அலையின் உயரத்தை அது வினாடிக்கு 4,000 முறை அளக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 0.8 வினாடி நீளமுள்ள ஒரு துடிப்பு 3,200 எண்களாக மாறிவிடும். இந்த எண்களை மென்பொருள் படிப்படியாக ஆராய்கிறது. முதலில் வெளி இரைச்சலை இயன்றவரை வடிகட்டுகிறது. அடுத்து லப் எங்கே, டப் எங்கே என்று குறித்து, இரு இடைவெளிகளையும் தனித்தனியே பிரிக்கிறது. பின்பு, முப்பட்டகம் ஒளியைப் பிரிப்பது போல, இடைவெளியிலுள்ள ஒலியை அதன் அதிர்வெண்களாகப் பிரிக்கிறது. இறுதியில், இது முணுமுணுப்பா அல்லவா என்று முடிவு சொல்கிறது.

இறுதிப் படியை அது எப்படிக் கற்றது? இங்கே மீண்டும் தறிக்கு வருவோம்.

அட்டையும் மென்பொருளும்

பட்டுத் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதில் துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. துளை உள்ள இடத்தில் பாவு இழை மேலே எழும். துளை இல்லாத இடத்தில் கீழேயே நிற்கும். உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களால் அன்னமும் மயிலும் சேலைக் கரையில் உருவாகிவிடுகின்றன. ஜக்கார்டு என்னும் பிரெஞ்சுக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த முறை இது. சில பத்தாண்டுகளுக்குப் பின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு இதே அட்டைகளைப் பயன்படுத்த எண்ணினார். ஆகவே தறியின் அட்டையை மென்பொருளின் மூதாதை என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சேலையின் உருவத்தை ஒருவர் கட்டத்தாளில் வரைந்து, அதற்கேற்பத் துளையிடுகிறார். முணுமுணுப்புக்கு அப்படி ஒரு வரைபடத்தை யாராலும் தர முடியாது. ஒவ்வொருவர் இதயமும் ஒவ்வொரு விதம். ஆகவே மருத்துவர்கள் முன்பே கேட்டுக் குறித்துவைத்த பதிவுகள் ஆயிரக்கணக்கில் கணிப்பொறிக்குத் தரப்படுகின்றன. அது ஊகிக்கிறது, தவறுகிறது, தவறுக்கேற்பத் தன் உள் எண்களைத் திருத்திக்கொள்கிறது. அதாவது, நெய்த சேலைகளைப் பார்த்து அட்டையைத் தானே துளைத்துக்கொள்கிறது!

வடகிழக்கு பிரேசிலில் 2014, 2015 ஆண்டுகளில் நடந்த பரிசோதனை முகாம்களில் பெரும்பாலும் சிறுவர் சிறுமியரின் இதய ஒலிகள் பதிவு செய்யப்பட்டன. அவற்றுள் 942 பேரின் பதிவுகள் 2022-இல் நடந்த ஒரு உலகப் போட்டிக்காக வெளியிடப்பட்டன. 179 பேருக்கு முணுமுணுப்பு உண்டு. 695 பேருக்கு இல்லை. மீதி 68 பேரைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றே குறிக்கப்பட்டது. ஆசிரியரே 'தெரியவில்லை' என்று எழுதிய விடைகளும் மாணவனுக்குப் பாடமாகின்றன.

நம் நாட்டில் பம்பாய் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த குழுவினர் உருவாக்கிய மின்னணு ஸ்டெதஸ்கோப், 2020-இல் கொரோனாத் தொற்றின்போது நோயாளியின் அருகில் செல்லாமலே மார்பு ஒலியைக் கேட்க உதவியது. அதே ஆண்டில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, முணுமுணுப்பைக் கண்டறியும் மென்பொருள் ஒன்றுக்கு அனுமதி அளித்தது.

ஒரு கணக்கு

கணிப்பொறி சொல்வதை அப்படியே ஏற்கலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 மாணவர்களில் 10 பேருக்கு உண்மையில் இதய நோய் இருப்பதாகக் கொள்வோம். மென்பொருள் நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கிறது. நலமானவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விடுவிக்கிறது. அப்படியானால் 10 பேரில் 9 பேர் அகப்படுவர், ஒருவர் தப்பிவிடுவார். மீதி 990 பேரில் 99 பேர் மீது வீணாக ஐயம் விழும். ஆக, ஐயப்படுபவர்கள் 108 பேர். அவர்களுள் நோயுள்ளவர் 9 பேர் மட்டுமே!

இதனால் மென்பொருள் பயனற்றது என்று எண்ணிவிடக் கூடாது. இதயத்தைக் கேளா ஒலியால் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனையை 1,000 பேருக்கும் செய்வதைவிட 108 பேருக்குச் செய்வது எவ்வளவோ எளிது. ஆனால் அந்த 108 பேரையும் 'இதய நோயாளி' என்று அழைப்பது பெரும் தவறு. தப்பிய ஒருவரையும் மறந்துவிடக் கூடாது. தொடக்க நிலை ருமாட்டிக் இதய நோயில் முணுமுணுப்பே எழாமல் இருப்பதும் உண்டு. இல்லாத ஒலியை எந்தக் காதும் கேட்காது. ஆகவே சல்லடையாகச் சலிப்பது கணிப்பொறியின் வேலை. முடிவு சொல்வது மருத்துவரின் வேலை.

நீங்களும் ஒரு கெட்டித் தாளைக் குழலாகச் சுருட்டி, நண்பனின் இடது மார்பில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். லப், டப், பிறகு சற்றே நீண்ட அமைதி. அந்த அமைதியையும் கவனித்துக் கேளுங்கள். மருத்துவரும் மென்பொருளும் தேடுவது அங்கேதான் இருக்கிறது. உங்கள் வகுப்பில் யாருக்கேனும் தொண்டை வலி வந்து, பின்னர் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் கண்டால், 'தானே சரியாகிவிடும்' என்று இருக்க விடாதீர்கள். அவரை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.